பிளக்கில் கரண்ட் இல்லை, பிழை காபரேற்றரில்

கடந்த சனிக்கிழமை பின்னேரம், கனடாவில் ஒன்ராறியோவின் வடக்கில் உறைந்து கிடக்கிற நிப்பிசிங் ஏரியின் மேல் என் பழைய ஸ்னோமொபீலை, பனியில் ஓடுகிற வண்டியை, நாற்பது நிமிடம் ஓட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையிலேயே பிடித்தது. நவம்பர் கடைசியில் தொடங்கிய வேலை பெப்ரவரி நடுப்பகுதியில்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. எண்ணெய்க் கையோடு கொப்பியில் கிறுக்கியது எனக்கே விளங்காமல் போகமுன் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

வண்டி 1992ஆம் ஆண்டு போலாரிஸ் இண்டி ட்ரெயில். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 488 சிசி, காற்றாடியால் குளிரும் இஞ்சின். இஞ்சினைச் செய்தது ஜப்பானின் ஃபூஜி, சுபாரு கார் செய்த அதே கொம்பனி. பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குள் விட இரண்டு மிக்குனி விஎம்34 காபரேற்றர்கள். கொம்பியூட்டர் கிடையாது, என்னுடையதில் பற்றறியும் கிடையாது. கயிற்றை இழுக்க ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரம் சுற்றும், அதிலிருந்து வருகிற கரண்டில்தான் பெற்றோலைப் பற்றவைக்கிற பிளக்கும் பொறி அடிக்கும், லைற்றும் எரியும். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டு வளர்ந்தவனுக்கு இது புதுச் சாமான் இல்லை என்ற துணிவில் 600 டொலர் கொடுத்து வாங்கினேன். ஏரிக்கரை நகரமான நோர்த் பேக்கு வேலைக்கு வந்து மூன்றாவது குளிர்காலம். ஏரியில் மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கரையில் நின்று பார்த்தது போதும் என்று இருந்தது.

விற்றவர் "போன வருசம் ஓடினது" என்றார். தாங்கி மூடியைத் திறந்தபோது வந்த மணம் வேறு கதை சொன்னது. பெற்றோல் மணமே இல்லை, பழைய வார்னிஷ் மணம். நாலு வருடமாவது கிடந்திருக்கும்.

முதல் நாள் பார்த்தது மூன்று விசயம். சிலிண்டருக்குள் அமுக்கத்தை அளக்கிற கொம்பிறெஷன் கேஜைப் பூட்டி, வேகம் கூட்டுகிற திரொட்டிலை முழுதாக அமத்திக்கொண்டு ஆறேழு தரம் இழுத்தேன். ஒரு பக்கம் 118, மற்றப் பக்கம் 121 பிஎஸ்ஐ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் நெஞ்சுக்குள் தண்ணி வார்த்த மாதிரி. பிஸ்ரன் போயிருந்தால் அன்றைக்கே திருப்பி விற்றிருப்பேன். அடுத்தது கரண்ட். பிளக்கைக் கழற்றி, தொப்பியில் மாட்டி, அதன் மரையைச் சிலிண்டர் தலையில் அமத்திப் பிடித்து இழுத்தால் நீலமாக அடிக்கிறது, இரண்டு பக்கமும். இதைக் கொப்பியில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: "கரண்ட் நல்லம்." இந்த வரி பின்னுக்கு என்னைப் படுத்தின பாடு கொஞ்சம் இல்லை.

மூன்றாவது பெற்றோல். ஸ்காபரோவில் இருக்கிற மச்சானுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் ஊரில் கராஜ் வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் இலங்கையின் வடக்கின் மேல் இருந்த பொருளாதாரத் தடைக்குள் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த கைகளில் ஒன்று. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவது அந்தக் காலத்துச் சாதாரண வேலை.

"மச்சான், எண்ணெய் வரேல்லையோ, கரண்ட் வரேல்லையோ, முதல்ல அதைப் பிரி. சிரிஞ்சில பெற்றோல் எடுத்து உள்ளுக்கு விட்டு இழு. பிடிச்சு நிண்டுதெண்டா எண்ணெய்ப் பிரச்சினை. பிடிக்கவே இல்லையெண்டா கரண்ட். ரெண்டையும் ஒண்டாக் குழப்பாதை."

அப்படியே செய்தேன். ஒரு பக்கத்துக்கு 2 மில்லிலீற்றர், 50க்கு 1 என்று ஓயில் கலந்த பெற்றோல். மூன்றாவது இழுவையில் பிடித்து நாலு விநாடி கத்திவிட்டு நின்றது, பெற்றோல் தானாக வந்து சேரவில்லை. எண்ணெய்ப் பிரச்சினை. கடையில் ரின்னில் விற்கிற ஈதர் ஸ்பிரேயை இதற்குப் பாவிக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோலோடு வருகிற ஓயில்தான் பிஸ்ரனுக்கும் பெயாரிங்குக்கும் மசகு. ஈதர் அதைக் கழுவி விட்டுவிடும்.

பழைய பெற்றோல் 14 லீற்றரைக் கை பம்பால் உறிஞ்சி எடுத்தேன். இஞ்சினுக்குக் காற்றுப் போகிற ஏர் பொக்ஸைத் திறந்தால் எலிக் கூடு. யாருடையதோ கம்பளிச் சொக்ஸ், சீற்றுக்குள் இருந்த ஸ்பொஞ்ச், கொஞ்சம் சூரியகாந்தி விதை. இரண்டு கைப்பிடி எடுத்தேன். பிறகு கண்டது, ஒரு வயர்க் கட்டிலும் பல் பதித்திருக்கிறது. ரேப் சுற்றினேன்.

காபரேற்றர் கழற்றுகிற இடத்தில் முதல் பாடம். மிக்குனியின் ஸ்குறூத் தலையைப் பார்த்தால் பிலிப்ஸ் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது ஜேஐஎஸ் என்கிற ஜப்பானிய அளவு. பிலிப்ஸ் ஸ்குறூறைவர் அதன் அடிவரை இறங்காது, திருப்பும்போது மேலே வழுக்கி வந்து தலையைத் தின்றுவிடும். நான் இரண்டு தலையைத் தின்ன வைத்த பிறகுதான் 19 டொலருக்கு ஜேஐஎஸ் ஒன்று வாங்கினேன். மிச்ச ஆறும் வெண்ணெய் மாதிரிக் கழன்றன. கெட்ட இரண்டையும் குறட்டால் பிடித்துக் கழற்றினேன்.

காபரேற்றரின் கீழே பெற்றோல் நிற்கிற கிண்ணத்தின் அடியில் பச்சை நிறத்தில் பிசின் மாதிரிப் படிந்திருந்தது. பெற்றோலை அளவாக விடுகிற துளைக்கு ஜெற் என்று பெயர்; பெரிய ஜெற்றின் ஊடாக வெளிச்சம் தெரிந்தது. சின்ன ஜெற்றில், பைலற் ஜெற் என்பது, இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. கிளீனரில் ஓர் இரவு ஊறவிட்டு, கிற்றாரின் ஆக மெல்லிய கம்பியால், அது 0.25 மில்லிமீற்றர், மெதுவாகக் குத்தி எடுத்தேன். துளை பெருத்துப் போனால் ஜெற் குப்பைக்குத்தான், அதனால் ஊசி, துளைப்பான் ஒன்றும் கிட்டப் போகக் கூடாது. காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்தால், பெற்றோல் மட்டத்தைப் பார்க்கிற மிதவையின் கை அதன் விளிம்புக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். ஒன்று கொஞ்சம் சரிந்திருந்தது, நாக்கை ஒரு மயிரளவு வளைத்தேன். காபரேற்றருக்குள் இருக்கிற ஊசியின் கிளிப் எத்தனையாவது வெட்டில் இருந்தது என்று கழற்றமுன் படம் எடுத்திருந்தேன். எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டையும் மாறிப் போட்டிருப்பேன், நிச்சயம்.

இரண்டையும் பூட்டினேன். பிடிக்கவில்லை, குளிரில் ஒரு முனகலும் இல்லை. திரும்பக் கழற்றினால், கிண்ணத்தின் ஓரத்தில் உள்ள கிணறு மாதிரி ஒரு குழி, அதன் அடியில் ஒரு துளை இருக்கிறது. குளிரில் ஸ்ரார்ட் பண்ணக் கூடுதல் பெற்றோல் விடுகிற சோக்கை இழுத்தால் பெற்றோல் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். இந்த மிக்குனியில் சோக் என்பது காற்றை மறிக்கிற தகடு இல்லை, அதற்கென்று ஒரு தனிப் பாதை. நான் அதைக் கிண்ணத்தின் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு விட்டிருக்கிறேன். கம்பி விட்டதும் ஒரு சின்னக் கட்டி வெளியே வந்தது. அன்று இரவு பத்தரைக்குச் சோக் போட்டு ஐந்தாவது இழுவையில் பிடித்தது. இருபது விநாடி ஓடி, பெற்றோல் இல்லாமல் சாகிற மாதிரி இழுபட்டு நின்றது.

இப்போது பம்ப். இதில் மின்சாரப் பம்ப் இல்லை. பிஸ்ரன் மேலும் கீழும் போகும்போது அதற்குக் கீழே இருக்கிற கிராங்க் பெட்டிக்குள் உண்டாகிற அமுக்கமும் உறிஞ்சலும் ஒரு றப்பர்க் குழாய் வழியாகப் பம்புக்கு வந்து, உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வை ஆட்டும். அந்த ஆட்டத்தில்தான் தாங்கியிலிருந்து பெற்றோல் வருகிறது. நான் நேரே பம்பைக் குற்றம் சொல்லி 30 டொலருக்குச் சவ்வுச் செற் வாங்கிப் போட்டேன். பழைய சவ்வு காய்ந்துதான் இருந்தது, பொய் இல்லை. ஆனால் வண்டி அதே இருபது விநாடிதான். இரண்டு நாள் கழித்து ரோச் லைற்றோடு தலைகீழாகக் குனிந்து பார்க்கும்போதுதான் கிராங்க் பெட்டியின் முனையில் அந்தத் துடிப்புக் குழாய் வளைகிற இடத்தில் வாய் பிளந்து நிற்பது தெரிந்தது. 6 டொலர்க் குழாய். அதோடு தாங்கிக்குள் கிடந்த குழாயும் வடிகட்டியும். அந்தக் குழாய் பிஸ்கற் மாதிரி நொறுங்கியது, பெற்றோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கும். எல்லாப் பெற்றோல் குழாயும் மாற்ற 18 டொலர். புதுப் பெற்றோல் எதனோல் கலக்காத 91 ஒக்ரேன். முதல் தாங்கிக்கு மட்டும் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஓயிலும் கலந்தேன். வண்டிக்கு ஓயில் பம்ப் தனியாக இருக்கிறதுதான், ஆனாலும் நாலு வருடம் கிடந்த பம்பை நம்பி இஞ்சினைப் பணயம் வைக்க நான் தயார் இல்லை.

டிசம்பர் 20 அளவில் வண்டி ஓடியது. ஐடிலில், அதாவது திரொட்டில் கொடுக்காமல் தானாக மெதுவாக ஓடுகிற நிலையில் மட்டும், நிலைத்து ஓடாது. திரொட்டில் லீவரைப் பெருவிரலால் கொஞ்சம் அமத்தி வைத்திருந்தால் ஓடும், விட்டால் கொஞ்சம் இரைந்து ஏறி, பிறகு விழுந்து செத்துப் போகும்.

வழிதவறினது இங்கேதான். ஐடிலில் நிற்கவில்லையா, ஐடில் ஸ்குறூவைத் திருகு. யார்தான் திருக மாட்டார்கள்? ஒவ்வொன்றையும் ஒரு சுற்று உள்ளே விட்டேன். கொஞ்சம் நல்லம் மாதிரி இருந்தது. இன்னொரு சுற்று. பிறகு இன்னும் முக்கால். அன்றைய கொப்பி வரி: "இப்ப விரலை விட்டா இழுபடேல்லை. டக்கெண்டு நிக்குது." கையால் எழுதினேன், கண்ணால் வாசித்தேன், மண்டைக்குள் போகவில்லை. பெற்றோல் போதாமல் சாகிற இஞ்சின் இழுபட்டுச் சாகும். டக்கென்று நிற்பது சுவிச் ஓவ் பண்ணினால்தான். மச்சானிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் ரெலிபோனிலேயே பிடித்திருப்பார். நான் சொன்னது, "ஐடில் பிடிக்குதில்லை அண்ணை" என்று மட்டும்.

அடுத்த நாள் எவ்வளவு இழுத்தும் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரண்ட் இல்லை. இரண்டு பக்கமும் இல்லை. நவம்பரில் நீலமாக அடித்த அதே பிளக்.

நத்தார் விடுமுறை முழுக்க இதில் போனது. பிளக் மாற்றினேன், இரண்டும் 12 டொலர், 0.7 மில்லிமீற்றர் இடைவெளி பார்த்துப் போட்டேன். இல்லை. பிளக் தொப்பிகள், 16 டொலர். இல்லை. பிளக்குக்கு உயர் வோல்ற் கொடுக்கிற கொயில், பாவித்தது ஒன்று, 45 டொலர். இல்லை. எலி கடித்த வயரைப் பிரித்து ஒவ்வொன்றாக மீற்றர் வைத்துத் தொடர்ச்சி பார்த்தேன். எல்லாம் சரி. அப்படியானால் ஃபிளைவீலுக்குப் பின்னால் இருந்து கரண்ட் உண்டாக்குகிற ஸ்ரேற்றர்தான் என்று முடிவு கட்டி, அதன் கொயிலின் தடையை அளந்தேன். மனுவலில் 120 ஓம், என் மீற்றரில் 102. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். புது ஸ்ரேற்றர் 190 டொலர், கூடைக்குள் போட்டுக் காசு கட்டுகிற பக்கம் வரை போய்விட்டேன்.

தடுத்தது கொப்பிதான். எல்லா அளவுக்கும் பக்கத்தில் அந்த நேரத்து வெப்பநிலையையும் எழுதுவது என் பழைய வேலையிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அன்றைக்குக் கராஜுக்குள் மைனஸ் 18. மனுவல் சொல்கிற 120 அறை வெப்பநிலையில், 20 பாகையில் எடுத்தது. செப்புக் கம்பி குளிர்ந்தால் தடை குறையும், ஒரு பாகைக்கு 0.4 வீதம் அளவில். 38 பாகைக்கு 15 வீதம். 120இல் 15 வீதம் போனால் 102. என் ஸ்ரேற்றர் பிழையில்லை, அதற்குக் குளிர்கிறது, அவ்வளவுதான். சந்தேகம் தீர ஒரு மின் ஹீற்றரை மூன்று மணித்தியாலம் பக்கத்தில் வைத்து அளந்தேன். 118.

கூடையைக் காலி பண்ணினேன். சந்தோசப்பட முடியவில்லை, ஏனென்றால் இப்போது கையில் பிழையும் இல்லை, கரண்டும் இல்லை.

ஜனவரி முதல் கிழமை மகள் ரோச் பிடிக்க வந்தாள். நிற்கச் சலித்து சீற்றில் ஏறி இருந்து ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள். நான் பிளக்கை அமத்திப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, இப்ப அடிச்சது!"

"எங்கை?"

"அங்கைதான். நீலமா. நான் கண்டனான்."

திரும்ப இழுத்தேன், இல்லை. இன்னொரு தரம், அடித்தது. நான் சாவிப் பூட்டுக்குப் பின்னால் வயர் எங்கோ லூசாக இருக்கிறது என்று நினைத்து அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். அவளுடைய வலது பெருவிரல் எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஓட்டிப் பழகுகிற பிள்ளை மாதிரி அவள் லீவரை அமத்துவதும் விடுவதுமாக இருந்திருக்கிறாள்.

விசயத்தை அவிழ்த்தவர் பக்கத்து வீட்டுக்காரர். எழுபது தாண்டியவர், பிரெஞ்சுக்காரர், பல வருடம் ஸ்னோமொபீல் பாதைகளைச் சீவி ஒழுங்காக்குகிற பெரிய மெசின் ஓட்டியவர். என் கராஜ் வாசலில் கோப்பியோடு வந்து நின்று, நான் சொன்ன கதையெல்லாம் கேட்டார். ஒரு சாமானும் தொடாமல் நேரே ஹாண்டிலுக்குப் போய்த் திரொட்டில் லீவரை இரண்டு விரலால் ஆட்டினார். அது தொளதொள என்று ஆடியது. "ஐடில் ஸ்குறூவை எவ்வளவு திருகினாய்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன்.

இந்த வண்டியின் லீவருக்குள் ஒரு பாதுகாப்புச் சுவிச் இருக்கிறது. காபரேற்றருக்குள் காற்றுப் பாதையைத் திறந்து மூடுகிற ஸ்லைடை ஒரு ஸ்பிறிங் கீழே தள்ளிக்கொண்டிருப்பதால் கேபிள் எப்போதும் இறுக்கமாக இருக்கும், அந்த இழுவை லீவரை இடத்தில் வைத்திருக்கும். பனி பிடித்தோ அழுக்கு அடைத்தோ ஸ்லைட் மேலே சிக்கிவிட்டால், நாம் விரலை விட்டாலும் வண்டி பாய்ந்துகொண்டே போகும். ஆனால் ஸ்லைட் சிக்கினால் கேபிள் தளரும், தளர்ந்தால் லீவர் நகரும், நகர்ந்தால் சுவிச் கரண்டை மண்ணுக்கு இறக்கி இஞ்சினை நிறுத்திவிடும். நான் என்ன செய்தேன்? ஐடில் ஸ்குறூவை இரண்டே முக்கால் சுற்று விட்டு ஸ்லைட் இரண்டையும் மேலே தூக்கி வைத்தேன். கேபிள் தளர்ந்தது. ஸ்லைட் சிக்கிவிட்டது என்று சுவிச் நினைத்தது. விரல் லீவரில் இருக்கும்வரை கேபிள் இறுகிக் கரண்ட் வரும், விரலை எடுத்தால் டக்கென்று போகும். பிளக்கைக் கையில் பிடித்துச் சோதிக்கிறவனுக்கு லீவரைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அதனால் ஸ்குறூவைத் திருகிய பிறகு நான் தனியாகச் சோதித்தபோது கரண்ட் ஒருநாளும் இல்லை.

அந்தச் சுவிச்சின் கனெக்ரரைக் கழற்றி இழுத்தோம். நீலமாக அடித்தது. அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன், பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று தெரியும். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டி, அங்கே நிற்கிற மேப்பிள் மரம் எவ்வளவு தடிப்பு என்று கேட்டார். கனெக்ரரைத் திரும்பப் பூட்டினேன்.

சரி, ஸ்குறூவைத் திருப்பி வெளியே எடுத்தாயிற்று, கரண்ட் வந்தாயிற்று. ஆனால் முதல் பிரச்சினை அப்படியே இருக்கிறது, ஐடில் நிற்காது. இந்த முறை ஸ்குறூவில் கை வைக்கவில்லை. பின்பக்கத்தை ஸ்ராண்டில் தூக்கி, பனியில் உருளுகிற பெல்ற் எதிலும் படாமல், கராஜ் கதவை முழுதாகத் திறந்துவிட்டு, விரலால் ஓட வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரர் காபரேற்றர் கிளீனரை அங்கங்கே ஒரு சொட்டாக அடித்தார். இடப்பக்கச் சிலிண்டருக்கும் காபரேற்றருக்கும் நடுவில் உள்ள தடித்த றப்பர் குழலின் அடிப்பக்கத்தில் பட்டதும் இஞ்சின் சத்தம் மாறியது. கழற்றி வளைத்துப் பார்த்தால் கீழ்ப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வளைக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. நான் நவம்பரில் அதைத் துடைத்துப் பூட்டியிருக்கிறேன்.

அந்த வெடிப்பால் உள்ளே போகிற கள்ளக் காற்றில் கலவை மெலிந்து ஐடில் விழுந்தது. நல்ல காலம் ஐடிலோடு போனது. மெலிந்த கலவையோடு ஏரியில் முழு வேகத்தில் போயிருந்தால் பிஸ்ரனில் ஓட்டை விழுந்திருக்கும், டூ ஸ்ட்ரோக் அதை மன்னிக்காது. இரண்டு குழலும் 76 டொலர். ஒன்றுதான் வெடித்திருந்தது, வயது இரண்டுக்கும் ஒன்றுதானே.

பிறகு ஐடிலை முறையாக வைத்தேன். இரண்டு ஸ்குறூவையும் ஸ்லைட் அடியில் போய் இருக்கும்வரை வெளியே எடுத்தேன். 2 மில்லிமீற்றர்த் துளைப்பான் கம்பி இரண்டு, ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் ஒன்று, இரண்டும் ஒரே பிடியில் வரும்வரை ஸ்குறூவை உள்ளே விட்டேன். கம்பியை எடுத்த பிறகு கேபிளை மேல் அட்ஜஸ்ரரில் சரிபண்ணி, லீவருக்கும் அதன் கட்டைக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் வைத்தேன். மனுவல் 0.25 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை என்கிறது, நான் 0.5இல் விட்டேன். அன்றைக்கு அதே இடத்தில் எனக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் ஆடியிருக்கும். ஓட்டி, சூடான பிறகு நுண்ணிதாகத் திருத்தினேன், 1500 அளவில் நின்றது. காற்று ஸ்குறூ இரண்டும் ஒன்றரைச் சுற்று வெளியே.

லைற் கதை சின்னது. ஓடத் தொடங்கிய முதல் நாளே முன் லைற் பல்ப் பளிச்சென்று எரிந்து செத்தது. புதிது 14 டொலர். அதைப் பூட்டமுன் மீற்றரை ஏசிக்கு மாற்றி அளந்தேன்: கொஞ்சம் திரொட்டில் கொடுத்தால் 17 வோல்ற் தாண்டுகிறது. வோல்றைக் கட்டுப்படுத்துகிற றெகுலேற்றர் செத்துவிட்டது என்று திரும்பக் கூடையைத் திறக்கப் போனவன், இந்த முறை ஒரு நிமிடம் நின்றேன். அதன் உடம்பே மண் கம்பி, பூட்டிய இடத்தில் ஒரே கறள். எமரித் தாளால் உரஞ்சி, திரும்ப இறுக்கினேன். 13.8.

ஏரிக்குப் போகமுன் ஒகரால் துளைத்துப் பனிக்கட்டியை அளந்தேன். கனடிய செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபீலுக்குக் குறைந்தது 25 சென்ரிமீற்றர் என்கிறது. நான் துளைத்த இடத்தில் 46. நிப்பிசிங் பரப்பில் பெரிதென்றாலும் ஆழம் சராசரி நாலரை மீற்றர்தான், அதனால் நன்றாக உறைகிறது. அமுக்கத்தால் வெடித்து மேடு தள்ளுகிற இடங்களை மட்டும் விலகிப் போக வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி, நடுவில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டும் தேத்தண்ணி நிறம், கலவை சரி. திரும்பப் பூட்டும்போது விரல் நுனி மரத்துப் போய்விட்டது, ஆனால் அந்த நிறத்தைப் பார்க்கத்தானே மூன்று மாதம்.

செலவு: ஜேஐஎஸ் ஸ்குறூறைவர் 19, காபரேற்றர் கஸ்கற் செற் இரண்டு 44, பெற்றோல் குழாய்கள் 18, பம்ப் சவ்வு 30, துடிப்புக் குழாய் 6, பிளக் 12, றப்பர் குழல் 76, பல்ப் 14. கூட்டினால் 219 டொலர். தேவையில்லாமல் வாங்கிய தொப்பியும் கொயிலும் 61. கொயில் அலுமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுக்கலாம்.

இன்னொரு பழைய வண்டி கைக்கு வந்தால் முதல் நாளே றப்பராலான எல்லாவற்றையும் விலை விசாரிக்காமல் மாற்றுவேன். பம்புச் சவ்வு, குழாய், காபரேற்றர்க் குழல், எல்லாம். அதற்கு 130 டொலர்தான், எனக்குப் போனது ஒன்பது வார இறுதிகள். கரண்ட் இல்லையென்றால் கொயில் வாங்கமுன் நிறுத்துகிற சுவிச்சுகளைத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். சாவி, சிவப்புப் பொத்தான், திரொட்டில் சுவிச் மூன்றும் ஒரே வயரைத்தான் மண்ணுக்கு இறக்குகின்றன, மூன்று கனெக்ரரையும் கழற்ற ஐந்து நிமிடம் போதும். ஒரு ஸ்குறூவைத் திருகமுன் அது எங்கே நிற்கிறது என்று எண்ணி எழுதாமல் திருக மாட்டேன். இப்போது ஐடில் ஸ்குறூ இரண்டின் தலையிலும் மகளின் வெள்ளி நெயில் பொலிஷால் ஒரு கோடு இழுத்திருக்கிறது.

ஓயில் பம்புக்கு வருகிற குழாயின் முனையில் இன்னும் கசிவு இருக்கிறது, ஓர் இரவுக்கு மூன்று சொட்டு. கிளிப் ஓடர் பண்ணியாயிற்று. அது வரும்வரை கீழே காட்போட் மட்டை விரித்து வைத்திருக்கிறேன், காலையில் சொட்டை எண்ணி எழுதுவது மகளின் வேலை.